மோட்டார் சைக்கிளில் கட்டிய வண்டிக்கயிறு

அந்த மோட்டார் சைக்கிள் என் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே திருநெல்வேலியில் நான் அறியப்பட்டவனாக இருந்தேன். இதை முதலில் எழுதுவது தற்பெருமைக்காக அன்று. பின்னால் நடந்ததைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியவர்கள், அந்த வண்டியால்தான் எனக்குப் பெயர் வந்தது என்றும், அதனாலேயே அது போயிற்று என்றும் ஒரே மூச்சில் சொல்லிவந்தார்கள். இரண்டும் சரியல்ல. சென்னையில் பி.ஏ. பரீட்சையும் பிறகு சட்டப் பரீட்சையும் தேறி, ஜில்லாக் கோர்ட்டில் சிவில் வழக்குகள் நடத்திக்கொண்டிருந்தேன். தாலுகா போர்டில் எனக்கு ஓர் ஆசனம் இருந்தது. எங்கள் குடும்பத்துக்குரிய கோயில் கட்டளை, தகப்பனாருக்குப்பின் என் நிர்வாகத்துக்கு வந்திருந்தது. வாய்க்கால் தண்ணீர் பற்றிய தகராறுகளில் இரு கட்சிக்காரரும் என்னிடமே வந்து, எவரை ஏற்றுக்கொள்ளப் போகிறேன் என்று காத்திருந்த சந்தர்ப்பங்கள் உண்டு. நிலங்களில் பெரும்பகுதி என் பாட்டனார் காலத்திலேயே கைமாறியிருந்தாலும், எங்கள் வீட்டாரின் வார்த்தை கைமாறவில்லை. இவ்வளவும் அந்த யந்திரத்துக்கு முந்தியவை.

யந்திரம் வந்த வழி எளியது. ஐரோப்பாவில் யுத்தம் மூளுவதற்குச் சில வருஷங்களுக்கு முன், சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் தம் சாமான்களை விற்றார். மேஜை நாற்காலிகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன். அதன் இஞ்சினைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உதைத்த மாத்திரத்தில் உயிர் வரும், ஏற்றத்தில் சற்று முனகும், அவ்வளவுதான். குறை முழுவதும் அதன்மேல் பிறகு பொருத்திய உபகரணங்களில்தான் இருந்தது. முன்புறத்து விளக்கு, அதற்கு வாயு தரும் பித்தளைக் கலம், ரப்பர்ப் பந்தை அழுத்தினால் கத்தும் குழல், ஸ்பானர் முதலியன வைக்கும் ஆயுதப்பெட்டி, பின்னால் சாமான் வைக்கும் இரும்புச் சட்டம் ஆகிய எல்லாவற்றையும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத திருகாணிகளால் பிடித்து வைத்திருந்தார்கள். சீமைச் சாலைக்கு அவை போதுமாக இருந்திருக்கலாம். வண்டித்தடம் விழுந்த நம் கப்பிச் சாலைகளில், ஒரு வாரம் ஓடினால் அவற்றில் ஒன்று கட்டாயம் கழன்று விழும். அந்த மரைக்குப் பொருந்தும் திருகு இங்கே கிடையாது. சென்னைக்கு எழுதினால் வருவதற்குள் அடுத்தது விழுந்துவிடும்.

ரதவீதியில் வெற்றிலைக்கடை வைத்திருந்த ஒருவர் ஒரு காலை என்னை மறித்தார். மரியாதைக்காக மேல்துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டுதான் பேசினார். ஆனால் கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினார்.

“ஐயா வண்டி நேத்து நம்ம கடை வாசல்ல ஒரு முட்டை போட்டுட்டுப் போச்சு. அடைக்கு வைக்கலாமான்னு பாத்தேன். இரும்பு முட்டையா இருக்கு.”

என் உள்ளங்கையில் ஒரு நட்டை வைத்தார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். சிரித்தவர்கள் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் நானே பரிகாரங்கள் தேடலானேன். ஒரு வக்கீல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முற்றத்தில் குந்தியிருப்பது தகுமா என்று சக வக்கீல்கள் கேட்டதுண்டு. வாசற்கதவைச் சாத்திக்கொண்டுதான் குந்தினேன். பழைய செருப்புத் தோலை வட்டமாக நறுக்கித் திருகாணிக்கு அடியில் கொடுத்தேன். அதிர்ச்சியைத் தோல் வாங்கிக்கொண்டது. மரை தேய்ந்த இடங்களில் அரக்கை உருக்கி ஊற்றினேன். ஆயுதப்பெட்டியின் மூடி தாளம் போடாமலிருக்கப் புளியமரத்துச் சிராய் ஒன்றைச் செதுக்கி ஆப்பாக அடித்தேன். குழலைச் சைக்கிள் டியூப் ரப்பரால் சுற்றினேன். வாயுக் கலத்தைத் தாங்கிய வளையம் விண்டபோது பித்தளைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். இவை யாவும் பார்வைக்கு அழகாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைவாசல்களில் முட்டை விழுவது நின்றது.

அந்த விளக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இப்போதுள்ளவர்கள் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். பித்தளைக் கலத்தின் மேலறையில் தண்ணீர், கீழறையில் கார்பைடு என்னும் சாம்பல் நிறக் கல். குமிழைத் திருகினால் கல்லின்மேல் தண்ணீர் சொட்டும். கல் நுரைத்து வாயுவைக் கக்கும். அது ரப்பர்க் குழாய் வழியே விளக்குக்குப் போய் வெள்ளை வெளேரென்று எரியும். வாயு போனபின் மிஞ்சுவது நீர்த்த சுண்ணாம்பு. வழியில் கல் தீர்ந்துவிட்டால் போடுவதற்காக ஒரு தகர டப்பாவில் உபரிக் கல் வைத்திருப்பது வழக்கம். அந்த டப்பாவின் மூடி மரையும் தேய்ந்துபோய்விட்டது. ஈரக்காற்றுப் படாமலிருக்க மூடியைச் சுற்றி மெழுகுச்சீலை ஒட்டிவைத்திருந்தேன்.

என் தங்கையை முக்கூடலில் கொடுத்திருந்தது. அவள் கணவர் வீட்டிலும் எங்கள் வீட்டுக் கதையேதான்: பேர் இருந்தது, வயல் இல்லை. எஞ்சிய துண்டு நிலமும் முந்திய வருஷம் போய்விட்டது. மாப்பிள்ளை அழவில்லை, கோர்ட்டுக்கு ஓடவில்லை. நிலம் அளக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவரே வியந்தார் என்று கேள்வி. வியப்புக்குக் காரணம் அவருடைய கண். அப்படி ஒரு கண்ணை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றுகொண்டு, கோபுரத்தின் மேல்நிலையில் எந்தப் பொம்மைக்கு மூக்கு உடைந்திருக்கிறது என்று சொல்வார். நான் என்ஜினீயரிடம் வாங்கிய தூரக்கண்ணாடியை எடுத்துவந்து பார்ப்பேன். அவர் சொன்னபடியே இருக்கும்.

“அத்தானுக்குக் கண்ணாடி வேணும். ஏழைக்குக் கண்ணு போதும்” என்பார்.

சர்க்கார் சர்வே இலாகாவில் அவரை எடுத்துக்கொள்வதாக ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஒன்றுதான் பாக்கி. கொற்கைப் பக்கம் முகாம் போட்டிருந்த அதிகாரி, தம் எதிரில் அவர் கருவியில் மயிரிழைக் கோடுகளைப் படித்துக் காட்டவேண்டும் என்றார். வெயில் ஏறினால் கானல் ஆடும். ஆகையால் விடிந்ததும் வரவேண்டும். மறுநாள் முகாம் கலைந்துவிடும். அந்த உத்தியோகம் கிடைத்தால் என் தங்கை வீட்டு அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் அவள் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வரவேண்டும். அப்படி வருவதைவிட அவள் ஆற்றில் இறங்கிவிடுவாள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முகாமுக்குப் போவதற்காக முக்கூடலிலிருந்து மாட்டுவண்டியில் புறப்பட்டவர், உச்சிப்பொழுதுக்குப்பின் என் வீட்டுக்கு நடந்து வந்துசேர்ந்தார். ஒரு கையில் அளவைக் கருவிப்பெட்டி. தோளில் ஒரு சுருள் பனைநார்க் கயிறு.

“அச்சு முறிஞ்சுபோச்சு அத்தான். பேட்டைக்கு அங்கன நிக்கி. மாட்டை அவுத்து விட்டுட்டு, கயித்தை மட்டும் கழுத்துல போட்டுக்கிட்டு வாரேன். வண்டி போனாலும் கயிறு மிஞ்சட்டும்னு.”

வேறு மாட்டுவண்டி பிடித்து இரவெல்லாம் போனாலும் விடிவதற்குள் கொற்கையை எட்டுவது சந்தேகம். நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவர் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை, என் தங்கையும் சொல்லி அனுப்பவில்லை. இதையும் நான் எங்கும் மறைத்ததில்லை.

வண்டியை வெளியே உருட்டியபோது, பித்தளைக் கம்பி முறிந்து வாயுக் கலம் தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார்.

“இதை முறுக்குனது யாரு, நீங்களா?”

“நான்தான். என்ன குறையைக் கண்டீரு?”

“கோர்ட்டுல சாட்சியை முறுக்குதது வேற, கம்பியை முறுக்குதது வேற அத்தான்.”

“உம்ம வாய்க்கு ஒரு கட்டுப் போடும்வே முதல்ல.”

“கம்பி ஆடுனா ஒடியும். கயிறு ஆடுனாத் தாங்கும். நுகத்தடியை எவனாவது திருகாணி போட்டா முடுக்கி வச்சிருக்கான்? கயித்துலதானே நிக்கி. தள்ளுங்க, நான் கட்டுதேன்.”

கிணற்றடித் தொட்டியில் கயிற்றை ஊறப்போட்டு, அந்த வண்டிக்கயிற்றால் அவரே கட்டினார். நுகத்தடிக்குப் போடுவது போல எட்டு வடிவமாய்ச் சுற்றி, குறுக்கே மடக்கி இழுத்து, முனையை உள்ளே செருகினார். உபரிக் கல் இருந்த டப்பாவும் தன் கொக்கியில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. “ரெண்டையும் சேத்து ஒரே கட்டாப் போட்டுட்டா ஆட்டமே இருக்காது” என்று சொல்லி, டப்பாவையும் கலத்தையும் ஒன்றாய் அணைத்து இஞ்சினுக்கு மேல் குறுக்குக் குழாயில் கட்டிமுடித்தார். கட்டும்போது டப்பாவைத் துண்டால் மூடிக்கொண்டு, ஈரம் அதில் படாதபடிதான் கட்டினார். கல்லும் தண்ணீரும் சேரக்கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த விளக்குக்கு எனக்காகப் பலமுறை கல் போட்டுக் கொடுத்தவரே அவர். நான் கட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். பாறையில் வைத்த கல்லைப்போல் நின்றது.

பின்சட்டத்தில் தலையணை ஒன்றைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பாளையங்கோட்டையைக் கடந்து சீவலப்பேரிச் சாலையில் போனோம். வெயில் கடுமையாக இருந்தது. இஞ்சின் சூட்டோடு வெயிலும் சேர்ந்து, ஊறிய கயிறு காய்ந்துகொண்டே வந்தது. காய்ந்த கயிறு தளரும். கலம் மறுபடி ஆடத் தொடங்கியது. இரண்டு தரம் நிறுத்தினோம். இரண்டு தரமும் அவர் முனையை இழுத்துச் செருகினார். அந்தத் தாமதத்தால் இருட்டு எங்களை முந்திக்கொண்டது. சீவலப்பேரிக்கு அப்பால் ஒரு வாய்க்கால் சாலையைக் குறுக்கே கடக்கிறது. அப்போது அங்கே பாலம் கிடையாது. வண்டிகள் தண்ணீரில் இறங்கித்தான் ஏறவேண்டும். நாங்கள் அங்கே சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கேற்றாமல் மேலே போக முடியாது.

வாய்க்காலுக்குள் மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி ஒருவரின் இரட்டைமாட்டு வண்டி நின்றது. எங்கள் பக்கத்து வண்டிக்காரர் எவரும் தண்ணீரைக் கண்டால் நிற்காமல் போகமாட்டார்கள். மரச்சக்கரம் ஊறினால் இரும்பு வட்டு இறுகும். நுகக்கயிற்றிலும் அச்சுக்கட்டிலும் தண்ணீர் தெளித்தால் கயிறு முறுக்கேறிச் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வாய்க்கால் வரும்வரை அந்த இறுக்கம் நிற்கும். ஆற்றோரத்து மனிதருக்கு இது யோசித்துச் செய்கிற காரியமன்று. கயிறு தளர்ந்தால் கை தண்ணீரைத் தேடும்.

அந்த வியாபாரியும் பனையோலைப் பட்டையால் மொண்டு மொண்டு தம் வண்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் அவரும் பேச்சுக் கொடுத்துக்கொண்டார்கள். நான் சற்று மேலே தள்ளி இறங்கி, முகத்துப் புழுதியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“இதுக்கு வைக்கோல் வேண்டாமாக்கும்?” என்றது வியாபாரியின் குரல்.

“வைக்கோல் வேண்டாம் அண்ணாச்சி. வக்கீல் வேணும். வக்கீல் வீட்டுலதான் கட்டுப்படியாகும்.”

“மாடு இல்லாத வண்டின்னாலும் கயிறு இல்லாம முடியலை பாத்தீயளா. யாரு கட்டுனது? நம்மூருக் கட்டால்லா இருக்கு.”

“நான்தான். காஞ்சு தொளதொளங்கு. அந்தப் பட்டையை இங்கன தாங்க.”

தண்ணீர் விழும் சத்தம் என் காதில் விழுந்தது. வண்டிச் சக்கரத்துக்கு ஊற்றுகிறார்கள் என்று எண்ணினேன். முகத்தை நான் துடைத்து முடிக்கவில்லை.

பிறகு நடந்ததில் ஒரு பகுதியை நானே கண்டேன். முந்திய பகுதியை அந்த வியாபாரி சொல்லித் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை பட்டை நிறையத் தண்ணீரை அந்தக் கட்டின்மேல் பைய ஊற்றினார். அவர் ஊற்றியது டப்பாவில் அன்று, கயிற்றில். கல்லைப் பற்றித் தெரிந்த அதே மனிதர்தாம். ஆனால் அந்த நிமிஷம் அவர் கண்முன் இருந்தது கல் அன்று, தளர்ந்த வண்டிக்கயிறு. மூடியைச் சுற்றியிருந்த மெழுகு வழி நெடுக இஞ்சின் சூட்டில் உருகி வழிந்துவிட்டிருந்தது. கயிற்றில் ஊறிய தண்ணீர் மூடிக்குள் இறங்கியது. கயிறு இறுகியது. “இப்ப ஆட்டிப் பாருங்க” என்று வியாபாரியிடம் சொன்னாராம். அவரும் ஆட்டிப் பார்த்து, “இரும்பு கணக்கா நிக்கி” என்றாராம்.

பிறகு மாப்பிள்ளை கலத்தின் குமிழைத் திறந்து விளக்குக்கு வாயு விட்டார். அந்த வாயுவுக்கு அழுகிய பூண்டு போல ஒரு நாற்றம் உண்டு. விளக்கேற்றுகிற நேரத்தில் அந்த நாற்றம் வருவது இயல்பே; ஆகையால் டப்பாவிலிருந்தும் அது வருகிறது என்பதை இருவரும் உணரவில்லை. தீக்குச்சியைக் கிழித்தார். விளக்கு பற்றியது. அதோடு டப்பாவின் மூடியைச் சுற்றியும் ஒரு மஞ்சள் சுடர் ஓடியது.

நான் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். சுடர் சிறியது; ஓர் அகல்விளக்கு அளவுகூட இல்லை.

“விட்டுட்டு வாரும்வே” என்று கத்தினேன். என் தொழிலில் குரலை உயர்த்தியே பேசிப் பழகியவன். அன்று அந்தக் குரலுக்குப் பலனில்லை.

“பெட்டி இருக்கு அத்தான், பெட்டி” என்றார். கருவிப்பெட்டியைப் பின்சட்டத்தில் வைத்திருந்தார். சுடருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் தொட்டி. டப்பாவைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டால் போதும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். ஒரு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டப்பாவைப் பற்றி இழுத்தார். வரவில்லை. கயிற்றின் முனையைத் தேடினார். தண்ணீரில் ஊறி முறுக்கேறிய பனைநார். முனை உள்ளே புதைந்துவிட்டிருந்தது. தீ அந்த ஈரக்கயிற்றைப் பற்றவும் இல்லை. முனையைக் காண முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். அவருக்குக் கண் அல்லவா எல்லாம்?

“ஐயா, கையை எடுத்துருங்க, அது சீறுது” என்று வியாபாரி சொல்லிக்கொண்டிருந்தபோது டப்பாவின் மூடி பிய்ந்து கிளம்பியது. பெரிய சத்தம் என்று பலர் சொல்வார்கள். தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கு மேல் இல்லை. சுடரும் உடனே தணிந்துவிட்டது. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தார். புருவமும் மீசையும் பொசுங்கியிருந்தன. கண் இருந்த இடம் இரண்டிலும் வெள்ளையாய் அப்பியிருந்தது. சுண்ணாம்பு.

அவரை வாய்க்காலுக்குள் இறக்கி நானும் வியாபாரியும் மாறி மாறித் தண்ணீர் அடித்துக் கழுவினோம். சற்று முன் கயிற்றுக்கு ஊற்றிய அதே பட்டை. அவர் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

“விடியுததுக்குள்ள தெளிஞ்சிருமா அத்தான்?”

“தெளிஞ்சிரும்” என்றேன்.

வியாபாரி தம் துணி மூட்டைகளைப் பரப்பி அவரைப் படுக்கவைத்து, நாங்கள் வந்த வழியே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மாட்டை விரட்டினார். அவருடைய சரக்கில் ஒரு மூட்டை முழுதும் பாழாயிற்று. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அன்று நான் கண்ட மனிதர்களில் குறை சொல்ல முடியாதவர் அவர் ஒருவர்.

டாக்டர் செய்யவேண்டியதைச் செய்தார். தீயால் ஆன கெடுதி மேல்தோலோடு ஆறிவிடும் என்றும், கண்ணைத் தின்றது சூட்டோடு போன சுண்ணாம்புதான் என்றும் சொன்னார். இடக்கண் அவிந்துவிட்டது. வலக்கண்ணுக்கு வெயிலும் நிழலும் தெரிந்தன, அதற்கு மேல் இல்லை. முகாம் சொன்னபடி மறுநாள் கலைந்தது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அதிகாரியின்மேல் குற்றமில்லை, கோடு படிக்க முடியாதவரை அவர் எப்படி எடுப்பார்?

வாய்க்கால் கரையில் விட்டிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துவர மறுநாள் போனேன். கருவிப்பெட்டி பின்சட்டத்தில் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. பிளந்த டப்பாவும் பித்தளைக் கலமும் குறுக்குக் குழாயில் அப்படியே நின்றன. கையால் அவிழ்க்க முடியவில்லை. அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தேன். அந்தக் கயிற்றை எறியாமல் கொண்டுவந்தேன்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவர் அதைக் கேட்டார். கையில் கொடுத்தேன். என் தங்கை கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவர் கயிற்றை விரலால் தடவி, முடிச்சு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். நான் அறுத்த இடத்தையும் கண்டுபிடித்தார்.

“அறுத்தா எடுத்தீய?”

“ஆமா. அவிழலை.”

அவர் முகத்தில் ஒரு சிறு மாறுதல் வந்தது. “பிடிச்ச பிடி விடலை பாத்தீயளா” என்றார். பிறகு, “மூக்கு ஒடஞ்ச பொம்மைக்கு மூக்கு வச்சுட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். என் தங்கை அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அதை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. போகும்போது என்னிடம், “எங்க வண்டிக் கயிறுதானே அண்ணே இது” என்று மட்டும் சொன்னாள்.

அவள் ஆற்றில் இறங்கவில்லை; பிள்ளைகளோடு என் வீட்டுக்கும் வரவில்லை. நான் அனுப்பிய நெல்லை இருமுறை ஏற்றுக்கொண்டாள். மூன்றாம் முறை வண்டி திரும்பி வந்தது. வீட்டின் முன்கட்டைக் கருப்புக்கட்டி வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் இருந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலடிச் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொண்டார். நான் போகும்போதெல்லாம், “வக்கீலத்தான் நடந்தா வாரீய? முட்டைபோடுத வண்டி எங்க?” என்பார். யுத்தம் முடிகிற சமயம் ஊரெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில் போய்விட்டார். கொள்ளிவைத்த பையனுக்கு அப்பாவின் கண் வாய்த்திருக்கிறது என்று சுடுகாட்டில் எவரோ சொன்னார்கள். அதை மெச்சுகிற மனநிலை அங்கே ஒருவருக்கும் இல்லை.

மோட்டார் சைக்கிளை நான் அவமானத்தால் விற்றதாகக் கோர்ட்டில் பேசினார்கள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதால் விற்றேன். அதுவரை பகலில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். நான் சுருட்டுப் பற்றவைத்ததால் வண்டி எரிந்தது என்றும் ஒரு கதை உண்டு. நான் புகைபிடிப்பவன் அல்லன். வண்டி எரியவும் இல்லை. இவற்றுக்கெல்லாம் இத்தனை வருஷம் நான் பதில் சொன்னதில்லை. என்னைப் பற்றிய பேச்சை நான் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் முக்கூடலில் இன்னொன்று சொல்கிறார்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவர் கட்டத் தெரியாமல் கட்டினார், வழியில் கட்டு அவிழ்ந்து டப்பா கீழே விழுந்து வெடித்தது என்கிறார்கள். அது தவறு. கட்டு அவிழவில்லை.